கூடைப்பந்துக்குள் புகுந்த கிளித்தட்டு

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் பந்தைக் கூடைக்குள் போடுகிறவன் நான்தான். இதைத் தன்னடக்கம் பார்க்காமல் நானே சொல்லிவிடுகிறேன். எனக்காகச் சொல்ல இனி வேறு ஆள் இல்லை. மற்ற நாலு பேரும் பந்து கைக்கு வந்ததும், யாரோ பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மாட்டுக் கயிறு மாதிரி அதை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். பிறகு என்னிடம் எறிவார்கள். நான் போடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்பது என் கணக்கு. வீட்டில் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட நான், பந்து போடவே தெரியாத ஒருவனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளை வெல்வது பந்தைப் போடுகிறவன் அல்ல, எதிரியை மறிக்கிறவன்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. இப்போதும் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. பாதி மனதோடு எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பேக்கரி வாசலில் பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றுவிட்டு, அந்தக் களைப்போடு வகுப்புக்குப் போன காலம். எங்கள் கல்லூரி திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதோ வந்திருந்த வெள்ளைக்காரச் சாமிமார் ஒரு சீமெந்துத் தளம் போட்டு, இரண்டு கம்பம் நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டி, விளையாட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். மாலையில் அந்தச் சீமெந்து இதமான சூட்டோடு இருக்கும். அதற்காகவே கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்து படுத்துவிடும். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் மான்களை எழுப்ப வேண்டும். அவை எழுந்து போகிற வேகத்தைப் பார்த்தால், எங்கள் அணியின்மேல் அவற்றுக்குப் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை.

மரியாதை வைக்கும்படி நாங்களும் இல்லை. வேகமாக ஓடுகிறவர்கள் உதைபந்துக்குப் போய்விட்டார்கள். வெள்ளைக் காற்சட்டை தைக்க வசதியுள்ளவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தில்தான் கூடைப்பந்து அணி. எங்கள் தளத்தில் உயரமாக நின்றவை அந்த இரண்டு கம்பங்கள் மட்டுமே. அணிக்குப் பொறுப்பான ஆசிரியர் புவியியல் படிப்பிப்பவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விதிப்புத்தகம். அதிலும் சில பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. ஆள் சேரவில்லை என்றதும் அவர் கட்டடத்துக்குப் பின்னால் போய், அங்கே கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களில் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிளித்தட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலத்தில் கட்டம் கட்டமாகக் கோடு கீறுவார்கள். ஒரு பக்கத்தார் குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொருவராக நின்று கைகளை விரித்து மறிப்பார்கள். மறுபக்கத்தார் அந்தக் கோடுகளைத் தாண்டி ஓட வேண்டும். மறிக்கிறவன் தன் கோட்டை விட்டு வெளியே வரக்கூடாது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஓடலாம். நடுக்கோடு நெடுக ஓடித்திரிய உரிமை உள்ளவன் ஒருவன், அவன் கிளி. தாண்டுகிறவனின் முதுகில் ஓர் அடி விழுந்தால் அவன் வெளியே போக வேண்டும். இதில் இவர்கள் நாலு பேரும் பெரிய கெட்டிக்காரர்கள். எனக்கு அந்த விளையாட்டு சரிவராது. நான் எப்போதும் அடி வாங்குகிற ஆள்.

அந்த நாலு பேரில் இருவர் உப்புவெளியிலிருந்து ஒரே சைக்கிளில் வருகிறவர்கள். எப்போதும் ஒருவன் மிதிப்பான், மற்றவன் பின்னால் இருந்து வழி சொல்வான். மூன்றாமவன் கிண்ணியாக்காரன். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் துறை கடந்து வருவான். தினமும் பிந்தித்தான் வருவான், தினமும் பாதையின்மேல் பழி போடுவான். வாய் ஓயாது. அவன்தான் கிளி.

நாலாமவன் சாம்பல்தீவுக்காரன். எலும்பும் தோலுமான உடம்பில் யாரோ பெரிய ஆளுக்குச் செய்த கைகளை மாட்டிவிட்டது போல இருப்பான். தகப்பன் மீன்பிடி, தகப்பனின் தகப்பனும் மீன்பிடி. இவனுக்கு மட்டும் கடல் ஒத்துவராது. வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததுமே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கத் தொடங்கிவிடுவான். கோயிலில் நூல் கட்டினார்கள், தேசிக்காய் மணக்கக் கொடுத்தார்கள், இஞ்சி தின்னக் கொடுத்தார்கள். இஞ்சியும் சேர்ந்து வெளியே வந்தது. கடலுக்கு அஞ்சுகிற மீன்பிடிகாரன் மகன் என்று ஊரே சிரித்தது. கல்லூரி முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்வேன், அதற்குப் பிறகு வள்ளத்தில் ஏறித்தான் ஆக வேண்டும், எடுத்து எடுத்துப் பழகட்டும் என்று தகப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவன் ஆசைப்பட்டது தரையில் ஒரு வேலை. என்ன வேலை என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"என்ன வேலையெண்டாலும் பரவாயில்லை மச்சான். கூட்டச் சொன்னாக் கூட்டுவன், தூக்கச் சொன்னாத் தூக்குவன். கடலில மட்டும் என்னாலை ஏலாது."

படிப்பில் அவன் என்னைவிடக் கொஞ்சம் மோசம். நானே மோசம். ஆகவே சோதனை எழுதி வேலை கிடைக்கும் என்ற பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் முதலாவது போட்டியை நினைத்தால் எனக்கு இன்றும் வியர்க்கிறது. எதிரணிப் பையன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்காரனைத் தாண்டி ஓடினான். இவன் பின்னால் எட்டி முதுகில் ஓர் அடி வைத்தான். அந்தச் சத்தம் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். அடித்துவிட்டுக் கைகளைக் கீழே போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது என்பது போல நின்றான். நடுவர் ஊதினார்.

"சேர், அவன் அவுட். நான் அடிச்சனான்" என்றான் இவன், மிகுந்த மரியாதையோடு.

"அதுக்குத்தான் தம்பி ஊதினனான்."

"அப்ப அவனை வெளியால அனுப்புங்கோவன்."

"இன்னும் நாலுதரம் அடிச்சீரெண்டா வெளியால போறது நீர்தான்."

அவன் போனான். பிறகு இன்னும் இருவர் போனார்கள். அடித்தது அடித்ததுதான் என்று கிண்ணியாக்காரன் நடுவரோடு வாதாடிக்கொண்டே போனான். கடைசியில் தளத்தில் மிஞ்சியவர்கள் நானும் சைக்கிளில் பின்னால் இருந்து வருகிறவனும்தான். அவன் வழக்கம் போல எனக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றான். தோற்றதை ஆசிரியர் தாங்கிக்கொண்டார். மறுநாள் எதிரணிப் பையன் ஒருவனின் தாயார் மகனின் சட்டையைத் தூக்கி முதுகுத் தடிப்பை கல்லூரி அதிபருக்குக் காட்டியபோதுதான் ஆசிரியருக்கு ரோசம் வந்தது.

அன்று மாலை அவர் விடுதிக் குசினிக்குள் புகுந்து தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, நாலு பேருக்கும் கைக்கொன்றாகக் கொடுத்தார்.

"மறியுங்கோ. கை எவ்வளவு நீளுமோ நீளட்டும், கால் எவ்வளவு ஓடுமோ ஓடட்டும். ஆனா தண்ணி சிந்தினா நான் ஆளை உரிச்சுப்போடுவன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பந்தோட இவங்களைத் தாண்டு" என்றார்.

தண்ணீர் சிந்தாமல் இருக்க வேண்டுமென்றால் யாரையும் அடிக்க முடியாது, இடிக்க முடியாது, தள்ள முடியாது. எதிரி போகிற வழியில் அவனுக்கு முன்னால் போய் நிற்பது ஒன்றுதான் செய்யலாம். சொல்லும்போது இலகுவாக இருக்கிறது. முதல் சில வாரங்கள் எல்லாத் தண்ணீரும் என் தலையில்தான் கொட்டியது. தினமும் ஈரச் சட்டையோடு பாலையூற்றுக்கு வீடு போய்ச் சேர்வேன். கல்லூரியில் மழை பெய்ததோ என்று அம்மா கேட்பா. அணியின் ஒரே ஆட்டக்காரனுக்குக் கிடைத்த மரியாதை அது.

கொஞ்ச நாளில் தண்ணீர் சிந்துவது குறைந்தது. பிறகு நின்றே போனது. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சட்டை காய்ந்த நாளிலிருந்து என்னால் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. இடப்பக்கம் போனால் ஒருவன் நிற்கிறான், வலப்பக்கம் போனால் மற்றவன். நடுவே புகுந்தால் கிண்ணியாக்காரன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாவற்றையும் கடந்து வளையத்துக்குக் கீழே போனால் சாம்பல்தீவுக்காரனின் அந்தப் பெரிய கைகள், சிரட்டையோடு, ஆடாமல். ஒருநாள் கோபத்தில் பந்தைத் தெருவுக்கு உதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அது உதைபந்து இல்லை என்று ஆசிரியர் பின்னால் நின்று கத்தியது கேட்டது.

அடுத்த வருடப் போட்டி எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. மட்டக்களப்பிலிருந்தும் இன்னும் சில இடங்களிலிருந்தும் அணிகள் வந்தன. எல்லாரிடமும் எங்களைவிட நன்றாகப் பந்து போடுகிறவர்கள் இருந்தார்கள். என்னைவிட என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் எங்களைவிட என்கிறேன். ஆனால் அது கச்சான் காற்றடிக்கிற மாதம். அந்தக் காற்றுக்கு மனித தர்மம் கிடையாது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் உள்ளே விழுகிற பந்து, மத்தியானம் வளையத்தைத் தொட்டுவிட்டுக் கடற்பக்கம் போய்விடும். ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டிகள். ஒரு போட்டியில் மழையாகப் பொழிந்தவன் அடுத்த போட்டியில் காய்ந்து போவான். நானே அப்படிக் காய்ந்தேன், அதனால் தெரியும். மத்தியானச் சோறு கொஞ்சம் கூடினாலே கை மாறிவிடும்.

மறிக்கிறவனுக்கு இந்த வில்லங்கம் இல்லை. அவனுக்குக் காற்று என்ன செய்யும்? அவனிடம் இருப்பது இரண்டு காலும் கொஞ்சம் ரோசமும். காலையில் இருந்த கால் மாலையிலும் இருக்கும். ஒரு போட்டியை வெல்லப் பந்து போடுகிறவன் போதும். தொடர்ந்து பல போட்டிகளை வென்று கடைசி வரை போவதற்கு, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிற ஏதோ ஒன்று வேண்டும். எங்களிடம் அது இருந்தது. மற்ற அணிகள் நல்ல நாள் கெட்ட நாள் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஒரே அளவாக அறுவையாக ஆடி வென்றுகொண்டே போனோம். கோட்டை விட்டு வராமல் இடத்தை மறிக்கிற இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பதும், அதை வெளிநாடுகளில் சம்பளம் கொடுத்துப் படிப்பிப்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பார்க்க வந்த சனங்களுக்கு எங்களைப் பிடிக்கவேயில்லை. இரண்டு பக்கமும் பந்து விழாத விளையாட்டை யார் பார்ப்பார்கள்? "டேய், ஆராவது ஒருத்தன் போடுங்கோடா!" என்று கடலை விற்கிறவர் கத்தினார். அவருக்கும் வியாபாரம் கெட்டுப்போனது. பந்து விழுந்தால்தான் சனம் குதிக்கும், குதித்தால்தான் பசிக்கும். பாதியில் எழுந்து போனவர்கள் மறுநாள் வந்து யார் வென்றது என்று கேட்டார்கள். நாங்கள்தான் என்றதும் முகம் சுளித்தார்கள்.

அரையிறுதி முடிந்த மாலை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். துறைமுகத்தில் ஒரு பெரிய அலுவலகம் இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு கூடைப்பந்து அணி. அந்த அணிக்குப் பொறுப்பான அலுவலர் இறுதிப் போட்டியைப் பார்க்க வருகிறார், பிடித்த ஒருவனுக்கு அங்கே வேலை போட்டுக் கொடுக்கப் போகிறார். பண்டகசாலையில் வேலை. தரையில்.

எல்லாரும் சாம்பல்தீவுக்காரனைப் பார்த்தோம். அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் வருகிற இருவரில் முன்னவனின் தகப்பனுக்குக் கடை இருந்தது, பின்னவன் ஆசிரியர் கலாசாலைக்குப் போகப் போகிறவன். கிண்ணியாக்காரனின் வாப்பாவுக்கு வயல் இருந்தது. எனக்கு ஒரு மாமா இருந்தார், அலுவலகம் ஒன்றில், கொஞ்சம் பெரிய கதிரையில். இவனுக்குத்தான் ஒன்றும் இல்லை, வள்ளத்தைத் தவிர.

"இவன் மறிக்கிறதை அந்தாள் காணாது மச்சான்" என்றான் கிண்ணியாக்காரன். "பந்து போடுறவனைத்தான் எல்லாரும் காணுற. நாளைக்கு எல்லாப் பந்தையும் இவனுக்குக் குடுப்பம். பத்துக்கு ஒண்டாவது விழாதா?"

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ நாளைக்கு ஒரு நாள் மனிசனாயிரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சாம்பல்தீவுக்காரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன்.

இறுதிப் போட்டி மட்டக்களப்பு அணியோடு. அவர்களிடம் ஒருவன் இருந்தான். நெற்றியில் சுருள் முடி, பந்து கையிலிருந்து போகும்போதே விழுந்துவிட்டது என்று தெரியும். அந்தப் போட்டிகளில் அதிகமாகப் பந்து போட்டவன் அவன்தான். நான் அவனை வெறுத்தேன். அவனுடைய கை என் கையைவிட நல்லது என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

துறைமுக அலுவலர் முன் வரிசையில் ஒரு கதிரையில் தேநீரோடு இருந்தார். நாங்கள் திட்டத்தைத் தொடங்கினோம். பந்து கிடைத்ததும் சாம்பல்தீவுக்காரனுக்கு எறிந்தோம். அவன் போட்ட முதலாவது பந்து பலகைக்கு மேலால் போய்த் தெருவில் விழுந்தது. இரண்டாவது வளையத்துக்குக் கீழால் போனது. இன்னொன்று நடுவரின் தோளில் பட்டது. அதற்குப் பிறகு ஒன்று நேராக முன் வரிசைக்குப் பறந்து அலுவலரின் தேநீரைக் கவிழ்த்தது. அவருடைய கவனம் அவன்மேல் விழ வேண்டும் என்றுதானே நாங்கள் விரும்பினோம். நன்றாகவே விழுந்தது.

இதற்கிடையில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அவன் அந்தப் பக்கத்து வளையத்தடியில் பந்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். சுருள் முடிக்காரன் திறந்த வீட்டுக்குள் போவது போல வந்து வந்து போட்டான். சனம் குதித்தது. கடலைக்காரர் சிரித்த முகத்தோடு திரிந்தார். இடைவேளைக்கு நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம்.

"இனி எனக்குப் பந்து தராதேங்கோ" என்றான் சாம்பல்தீவுக்காரன்.

"விசரா, உனக்கு வேலை வேண்டாமே?" என்று கத்தினேன்.

"வேணும். ஆனா உப்பிடிப் போட்டா அந்தாள் வேலையா தரப்போறார்? என்னை விசர் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்." சிரிக்கப் பார்த்தான். "என்னை என்ர இடத்தில நிக்க விடுங்கோடா. நான் மறிக்கிறதைப் பாத்துத் தந்தாத் தரட்டும். தராட்டி வள்ளத்தில ஏறுறன். தோத்துப்போட்டு ஏற ஏலாது."

கிண்ணியாக்காரன் பந்தை எடுத்து என் கையில் வைத்தான். நாங்கள் எழுந்து போனோம்.

இரண்டாம் பாதியில் சுருள் முடிக்காரன் இடப்பக்கம் வந்தான். அங்கே சாம்பல்தீவுக்காரன் நின்றான். வலப்பக்கம் வந்தான், அங்கேயும் நின்றான். அவன் துள்ளினால் அவன் கண்ணுக்கு முன்னால் இரண்டு கைகள். எங்கும் படவில்லை, எதையும் தட்டவில்லை, நடுவருக்கு ஊத ஒரு காரணமும் கொடுக்கவில்லை. சுருள் முடிக்காரன் தூரத்திலிருந்து போட்டுப் பார்த்தான். காற்று எடுத்துக்கொண்டு போனது. பிறகு தன் ஆட்களையே திட்டத் தொடங்கினான். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கிறவனின் முகம் அவனுக்கு வந்துவிட்டது. மற்றப் பக்கத்தில் நான் என் வேலையைச் செய்தேன். என் கை அன்று நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

கடைசியில் நாங்கள் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் முன்னணியில் நின்றோம். நேரம் முடிகிற தறுவாயில் பந்து சுருள் முடிக்காரனிடம் வந்தது. சனம் எழுந்து நின்றது. அவன் முன்னால் சாம்பல்தீவுக்காரன். சுருள் முடிக்காரன் இடம் காட்டி வலம் போனான், வலம் காட்டி இடம் வந்தான், பின்வாங்கினான், மறுபடி வந்தான். ஊதல் சத்தம் கேட்டபோது பந்து அவன் கையிலேயே இருந்தது.

எங்களுக்குக் கிண்ணம் கிடைத்தது. அதை யார் பார்த்தார்கள்? நாங்கள் பார்த்தது அலுவலரை. அவர் கதிரையை விட்டு எழுந்து தளத்துக்குள் வந்தார். நாங்கள் சாம்பல்தீவுக்காரனை முன்னுக்குத் தள்ளினோம். சைக்கிள்காரர் இருவரில் யாரோ அவன் தலைமுடியைத் தடவிச் சரி செய்தார்கள். அலுவலர் சிரித்தபடி அவன் கையைக் குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். பிறகு எங்களைக் கடந்து, கம்பத்தடியில் தனியாக நின்ற சுருள் முடிக்காரனிடம் போய் அவன் முதுகில் தட்டினார்.

"தம்பி, சோதினை முடிஞ்சதும் எங்களிட்டை வாரும். உமக்கு வேலை இருக்கு."

பெரியவர் சின்னவர் பார்க்காமல் நடுவில் புகுந்தேன். "ஐயா, இடைவேளைக்குப் பிறகு இவர் ஒரு பந்துகூடப் போடேல்லையே!"

அலுவலருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "எனக்குத் தெரியும் தம்பி. இண்டைக்கு அவருக்குச் சரியில்லை. அது எல்லாருக்கும் வாறதுதான்."

மறிக்கிற தொழிலின் சாபம் இதுதான். பந்து விழுந்தால் போட்டவனைச் சனம் பார்க்கும். விழாவிட்டால், விழவில்லையே என்று போட்டவனைத்தான் பார்க்கும். எவ்வளவுக்கு நன்றாக மறிக்கிறாயோ அவ்வளவுக்கு எதிரிக்கு அன்றைய நாள் சரியில்லை என்று ஆகிவிடும். மறித்தவன் அங்கே நின்றதே யாருக்கும் தெரியாது. அன்று நான் கட்டடத்துக்குப் பின்னால் போய் ஆத்திரத்தில் அழுதேன். வென்றுவிட்டு அழுத ஒரே நாள் அது. சாம்பல்தீவுக்காரன் அழவில்லை. தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

சோதனை முடிந்ததும் தகப்பன் சொன்னபடி அவனை வள்ளத்தில் ஏற்றிவிட்டார். சில மாதங்களுக்குப் பிறகு மீன் சந்தையில் அவனைக் கண்டேன். முன்பே எலும்பும் தோலும், இப்போது அதிலும் பாதி. பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"கடல் பழகிட்டுது" என்றான். "வயிறுதான் இன்னும் பழகேல்லை."

நான் அப்போது மாமாவின் அலுவலகத்தில் ஒரு கதிரையில் இருந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் துறைமுக அணி, பயிற்சிக்காக எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களை ஆட்டத்துக்கு அழைத்தது. கிண்ணியாக்காரன் ஆள் விட்டு எல்லாரையும் சேர்த்தான். சாம்பல்தீவுக்காரன் வள்ளம் கரை தட்டியதும் நேரே வந்தான். மீன் வாடை அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. சுருள் முடிக்காரன் அலுவலகம் கொடுத்த புதுப் பனியனில் இலக்கத்தோடு நின்றான். அன்று அவனால் ஒன்றும் போட முடியவில்லை. "உமக்கு இண்டைக்கும் சரியில்லைப் போல" என்றார் அலுவலர். இன்னொரு நாள் வைத்தார்கள். அன்றும் அதே கதைதான். சத்தி எடுத்துக் காய்ந்த வயிற்றோடு ஒரு மனிதன் எப்படி அந்த ஓட்டம் ஓடினான் என்று எனக்கு விளங்கவில்லை. அலுவலர் மறுபடியும் வாயைத் திறந்தார். "என்ன தம்பி, இண்டைக்கும்..."

சுருள் முடிக்காரன் பந்தைச் சீமெந்தில் ஓங்கி அடித்தான்.

"ஐயா, எனக்கு எல்லா நாளும் நல்லாத்தான் இருக்கு. உந்தாள் முன்னுக்கு நிக்கிற நாள்தான் ஒண்டும் ஏலாமக் கிடக்கு. கல்லூரியிலயும் இவர்தான், இஞ்சயும் இவர்தான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும், வேலை போயிடுமெண்டு பயத்தில வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். இவரை எங்கட பக்கம் எடுங்க. இல்லாட்டி நான் ஊருக்குப் போறன்."

நான் அவனை வெறுப்பதை அந்த நிமிடத்தில் நிறுத்தினேன். அலுவலர் திரும்பினார். அவர் சாம்பல்தீவுக்காரனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நீர் என்ன செய்யிறனீர் தம்பி?"

"கடலுக்குப் போறனான் ஐயா."

"பந்து போடுவீரோ?"

ஒரு பொய் சொல்லடா என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

"இல்லை ஐயா" என்றான் அவன்.

அலுவலர் நாடியைச் சொறிந்தார். சுருள் முடிக்காரனைப் பார்த்தார், மறுபடி இவனைப் பார்த்தார்.

"சரி, திங்கட்கிழமை காலமை பண்டகசாலைக்கு வாரும்."

சாம்பல்தீவுக்காரன் அப்படியே சீமெந்தில் குந்தி, அந்தப் பெரிய கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான். கிண்ணியாக்காரன் அவன் முதுகைத் தடவினான். அலுவலர் ஒன்றும் விளங்காமல் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அழாதேயும் தம்பி" என்றார். "பந்து போடத் தெரியாட்டி என்ன, பழக்கி எடுக்கலாம்."